ஐந்து ஏபி தேர்வுகள்: தாளில் 32 யூனிட், கையில் 12

ஏபி (அட்வான்ஸ்ட் பிளேஸ்மென்ட்) என்பது உயர்நிலைப் பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி நிலைப் பாடம். அந்தப் பாடத்தைப் படிப்பது ஒரு முடிவு. மே மாதம் அதன் தேர்வை எழுதுவது இன்னொரு முடிவு. இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிடுவதால்தான் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பலர் தேவையில்லாத தேர்வுக்குப் பணம் கட்டுகிறார்கள், தேவையான தேர்வுக்கு அரைகுறையாகத் தயாராகிறார்கள். பாடத்தில் வாங்கும் கிரேடு பள்ளி மதிப்பெண் சான்றில் ஏறும். கல்லூரி சேர்க்கைக் குழு அதைப் பார்க்கும். 12ஆம் வகுப்பில் எழுதும் தேர்வின் மதிப்பெண்ணோ ஜூலையில்தான் வரும். அதற்குள் சேர்க்கை முடிந்து, எந்தக் கல்லூரி என்று மே 1-க்குள் உறுதியும் சொல்லியாகிவிட்டிருக்கும். ஆகவே கடைசி ஆண்டில் எழுதும் தேர்வு தரக்கூடியது ஒன்றுதான்: கல்லூரியில் படிக்க வேண்டிய ஏதோ ஒரு பாடம் பட்டியலிலிருந்து அடிபடுவது. எந்தப் பாடம் என்று பெயர் சொல்ல முடிகிறதா என்பதே கேள்வி.

கீழே வரும் மாணவி ஒரு தனி ஆள் அல்ல. கணக்கைப் போட்டுக் காட்டுவதற்காக அமைத்த நிகழ்வு இது. ஏபி தேர்வுகளை நடத்தும் காலேஜ் போர்டின் கட்டணங்களும், பெயர் சொல்லப்படும் பல்கலைக்கழகங்களின் விதிகளும் உண்மையானவை. அவை ஆண்டுதோறும் திருத்தப்படுபவை என்பதால் பணம் கட்டும் முன் அந்த ஆண்டின் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும்.

நிகழ்வு

கலிபோர்னியாவில் ஒரு அரசுப் பள்ளி. 12ஆம் வகுப்பு மாணவி, மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்க விரும்புகிறார். 11ஆம் வகுப்பில் இரண்டு தேர்வுகள் எழுதியிருக்கிறார்: ஆங்கில மொழியில் 4, அமெரிக்க வரலாற்றில் 3 (ஏபி மதிப்பெண் 1 முதல் 5 வரை). இந்த ஆண்டு ஐந்து ஏபி பாடங்கள்: கால்குலஸ் பிசி, இயற்பியல் சி மெக்கானிக்ஸ், ஆங்கில இலக்கியம், அமெரிக்க அரசு மற்றும் அரசியல், புள்ளியியல். விண்ணப்பித்திருப்பவை: கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் (இனி யூசி) மூன்று வளாகங்கள், கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகம், கால்டெக், பிரவுன்.

நவம்பர் நடுவில் பள்ளி தேர்வுத்தாள் கேட்டு ஆர்டர் போட்டாக வேண்டும். 2025ஆம் ஆண்டுத் தேர்வுகளில் அமெரிக்காவுக்குள் ஒரு தேர்வின் கட்டணம் 99 டாலர். ஐந்துக்கும் 495. குறைந்த வருமானக் குடும்பம் என்றால் காலேஜ் போர்டு 37 டாலர் குறைக்கிறது, பள்ளி தன் பங்கான 9 டாலரை விட்டுக்கொடுக்கிறது, 53 டாலரில் முடியும். இதற்கு மேல் மாநிலமோ பள்ளி வட்டாரமோ உதவி தரலாம். இந்தச் சலுகையைப் பள்ளியின் ஏபி ஒருங்கிணைப்பாளர் பதிவு செய்தால்தான் கிடைக்கும், தானாக வராது.

வகுப்பில் எல்லோரும் ஐந்தையும் எழுதுகிறார்கள், நாமும் எழுதுவோம் என்பது இயல்பான யோசனை. இங்கே அது தவறான யோசனை.

முதல் வேலை: கட்டம் போடுவது

ஒரு தாளில் இடப்பக்கம் ஐந்து தேர்வுகள், மேலே விண்ணப்பித்த கல்லூரிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு செங்குத்துப் பத்தி. ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று விஷயங்கள்: எத்தனை மதிப்பெண் வேண்டும், எத்தனை யூனிட் (பட்டத்துக்குச் சேர்க்க வேண்டிய பாட அளவு) தருவார்கள், எந்தப் பாடத்துக்கு ஈடு. மூன்றாவது எழுதப்படாத கட்டம் வெறும் கட்டம்தான்.

கல்லூரிகளின் பக்கங்களில் மூன்று வேறு சொற்கள் கலந்து கிடக்கும். கிரெடிட் என்றால் பட்டத்துக்கான எண்ணிக்கையில் சேரும். பிளேஸ்மென்ட் என்றால் அடுத்த நிலைப் பாடத்தில் உட்காரலாம், ஆனால் எண்ணிக்கையில் எதுவும் கூடாது. விட்டுவைத்த பாடத்துக்குப் பதிலாக வேறொன்றைப் படித்தே ஆக வேண்டும். வெய்வர் என்றால் ஒரு கட்டாயத் தேவை மட்டும் நீங்கும். இந்த மூன்றையும் ஒன்றாக நினைத்துக் கொள்கிறவர்கள் ஆகஸ்டில் ஏமாறுகிறார்கள்.

முதலில் எளிய பத்திகள். கால்டெக் ஏபி மதிப்பெண்ணுக்கு கிரெடிட் தருவதில்லை. யார் எந்த நிலையில் தொடங்குவது என்பதைத் தன் சொந்தத் தேர்வுகளை வைத்து முடிவு செய்கிறது. அந்தப் பத்தி முழுக்கக் கோடு. பிரவுனில் ஏபி பட்டக் கணக்கில் சேராது, பிளேஸ்மென்ட்டுக்குப் பயன்படலாம். மாணவியின் பட்டியலுக்கு வெளியே பார்த்தால், டார்ட்மத் 2014-ல் சேர்ந்தவர்களிலிருந்து கிரெடிட்டை நிறுத்திவிட்டது, அங்கும் பிளேஸ்மென்ட் மட்டும் உண்டு. எம்ஐடி கால்குலஸ் பிசியில் 5 எடுத்தால் முதல் கால்குலஸ் பாடமான 18.01-க்கு கிரெடிட் தருகிறது, அதைவிட எளிய கால்குலஸ் ஏபி (AB) என்ற தாளுக்கு எதுவும் இல்லை. இன்னொரு முனையில் ஸ்டான்போர்டு, பட்டத்துக்கு வேண்டிய 180 குவார்ட்டர் யூனிட்டில் (குவார்ட்டர் என்பது கல்வியாண்டின் மூன்று பருவங்களில் ஒன்று) 45 வரை ஏபி போன்ற தேர்வுகள் மூலம் கொண்டுவர விடுகிறது. பெயர் பெற்ற கல்லூரி என்றாலே ஏபி செல்லாது என்ற பேச்சும் சரியில்லை, எங்கும் செல்லும் என்பதும் சரியில்லை.

அரசுப் பல்கலைக்கழகங்களில் நிலைமை தாராளம். டெக்சஸ், ஒஹையோ, இல்லினாய் போன்ற மாநிலங்களில் 3 எடுத்தாலே கிரெடிட் என்பது பொது விதியாக இருக்கிறது. யூசியிலும் 3 போதும், யூனிட் வந்துவிடும். இங்கேதான் கவனம் வேண்டும்: யூனிட் தருவது யூசி முழுமைக்கும் பொது. அந்த யூனிட் எந்தப் பாடத்துக்கு ஈடு என்பதை அந்தந்த வளாகமும், வளாகத்துக்குள் அந்தந்தக் கல்லூரியும் தீர்மானிக்கும். ஒரே வளாகத்தில் கலை அறிவியல் பிரிவுக்கு ஒரு பட்டியல், இன்ஜினியரிங்குக்கு வேறு பட்டியல் இருக்கும். வளாகத்தின் பொதுப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது இந்த வேலையில் நடக்கும் மிகச் சாதாரணமான தவறு.

யூசியின் பொதுப் பட்டியலில் நம் மாணவியின் நிலை இது. கால்குலஸ் பிசிக்கு 8 குவார்ட்டர் யூனிட். இயற்பியல் சி மெக்கானிக்ஸுக்கு 4. அமெரிக்க அரசியலுக்கு 4. புள்ளியியலுக்கு 4. ஆங்கில இலக்கியத்துக்கு 8 என்று போட்டிருக்கும், ஆனால் பக்கத்திலேயே ஒரு நிபந்தனை: ஆங்கில மொழி, ஆங்கில இலக்கியம் இரண்டுக்கும் சேர்த்து அதிகபட்சம் 8. அவர் மொழித் தாளில் ஏற்கெனவே 4 எடுத்து அந்த 8-ஐயும் வாங்கிவிட்டார். நுழைவு நிலை எழுத்துத் தேவையும் அதே தாளால் நீங்கிவிட்டது. இலக்கியத்தில் 5 எடுத்தாலும் புதிதாகச் சேரும் யூனிட் சுழியம். சில வளாகங்களில் இலக்கியத் தாள் இரண்டாவது எழுத்துப் பாடத்தையும் அடிக்கும். அது ஒன்றுதான் மிச்சம் இருக்கும் காரணம்.

புள்ளியியல் வேறு வகையில் விழுகிறது. ஏபி புள்ளியியல் கால்குலஸ் இல்லாத பாடம். இன்ஜினியரிங் பட்டங்கள் கேட்பது பெரும்பாலும் கால்குலஸ் அடிப்படையிலான நிகழ்தகவு. ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகாது. மாநிலப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் கணிதத் தேவையை நீக்கும்தான், ஆனால் அதே தேவையை கால்குலஸும் நீக்கிவிடும். ஆறு பத்திகளிலும் புள்ளியியலுக்கு உருப்படியான கட்டம் ஒன்றுகூட இல்லை. உளவியல், பொருளாதாரம், பொதுச் சுகாதாரம் படிக்கப் போகிற இன்னொரு மாணவருக்கு இதே தாள் முதல் இடத்தில் நிற்கக்கூடும். தாளுக்கென்று தனியாக மதிப்பு கிடையாது.

அரசியல் தாள் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நன்றாகப் பயன்படும். அங்கே பட்டத்துக்குக் கட்டாயமான அமெரிக்க நிறுவனங்கள் தேவையில் அரசமைப்புப் பகுதியை அது நீக்கும். கலிபோர்னியா மாநில, உள்ளாட்சி அரசு பற்றிய பகுதி மட்டும் பாக்கி நிற்கும். யூசியிலோ அமெரிக்க வரலாறு மற்றும் நிறுவனங்கள் என்ற தேவையைப் பெரும்பாலான வளாகங்களில் உயர்நிலைப் பள்ளியில் படித்த வரலாற்றுப் பாடமே நீக்கிவிடும். அதற்காக யாரும் ஏபி தேர்வு எழுத வேண்டியதில்லை.

நவம்பர்: 40 டாலர் எந்தப் பக்கம்

ஆர்டர் போட்டுவிட்டு எழுதாமல் விட்டால் 40 டாலர் பிடித்தம். நவம்பர் கெடு தாண்டி ஆர்டர் போட்டால் கட்டணத்துக்கு மேல் 40 டாலர். இரண்டு பக்கமும் ஒரே தொகை என்பதால், யோசித்துக்கொண்டே இருந்து தாமதமாக ஆர்டர் போடுவதும், இப்போது போட்டுவிட்டுப் பிறகு விடுவதும் ஒன்றுதானே என்று தோன்றும். ஒன்றல்ல. தாமத ஆர்டருக்கும் மார்ச் நடுவில் ஒரு கெடு இருக்கிறது. யூசி முடிவுகள் மார்ச் முழுக்க ஒவ்வொரு வளாகமாக வரும், பிற கல்லூரிகள் பலவற்றின் முடிவுகளும் மார்ச் நடுவிலோ கடைசியிலோதான். அதாவது எந்தக் கல்லூரி என்று தெரியும் முன்பே தாமத வாய்ப்பும் மூடிவிடும். கல்லூரி தெரிந்த பிறகும் முடிவைக் கையில் வைத்திருக்க ஒரே வழி, நவம்பரில் ஆர்டர் போட்டு வைப்பது. அந்த உரிமைக்கு விலை 40 டாலர்.

ஆகவே நவம்பரில் கேட்க வேண்டியது, இந்தத் தாளுக்கு ஏதாவது ஒரு கட்டத்திலாவது பாடத்தின் பெயர் இருக்கிறதா என்பது மட்டுமே. இருந்தால் ஆர்டர். எங்குமே இல்லையென்றால் இப்போதே விட்டுவிடலாம். மாணவி புள்ளியியலை நீக்குகிறார். மற்ற நான்குக்கும் ஆர்டர், 396 டாலர்.

விடும் முன் பள்ளியில் இரண்டு கேள்விகள் கேட்டாக வேண்டும். முதலாவது, ஏபி பாடத்துக்கான கூடுதல் எடை கிரேடு, தேர்வு எழுதினால்தான் கிடைக்குமா? சில பள்ளி வட்டாரங்களில் இப்படி ஒரு விதி உண்டு. யூசி சேர்க்கைக் கணக்கைப் பொறுத்தவரை கூடுதல் புள்ளி பாடத்தின் கிரேடுக்குத்தான், தேர்வு மதிப்பெண்ணுக்கு அல்ல; அதுவும் அதிகபட்சம் எட்டு செமஸ்டர்களுக்கு மட்டும். எட்டு செமஸ்டருக்கு மேல் எத்தனை ஏபி பாடம் எடுத்தாலும் அந்தக் கணக்கு ஏறாது. இரண்டாவது கேள்வி, எழுதாமல் விட்டால் மீதிப் பணத்தைப் பள்ளி திருப்பித் தருமா? காலேஜ் போர்டு பள்ளியிடம் வாங்குவது 40 டாலர்தான், ஆனால் பணம் பள்ளி வழியாகவே போகிறது, மீதி 59 டாலரைத் தருவதா இல்லையா என்பது பள்ளியின் விதி.

தன் பள்ளியில் இல்லாத பாடத்தைத் தானே படித்து எழுத நினைப்பவருக்கு இந்த வேலை செப்டம்பரிலேயே தொடங்க வேண்டும். வெளி மாணவரைச் சேர்த்துக்கொள்ள எந்தப் பள்ளிக்கும் கட்டாயம் கிடையாது. நான்கைந்து பள்ளிகளின் ஒருங்கிணைப்பாளர்களுக்கு எழுதி, இடம் தருகிறவரிடம் பதிவுக் குறியீடு வாங்கி, அவர் சொல்லும் தேதிக்குள் பணம் கட்ட வேண்டும். அக்டோபர் கடைசியில் தேடத் தொடங்குகிறவர்கள் படித்து முடித்துவிட்டு எழுத இடமில்லாமல் நிற்பார்கள்.

ஏப்ரல்: கட்டம் ஒற்றைப் பத்தியாகிறது

மாணவி ஒரு யூசி வளாகத்தில் இன்ஜினியரிங் பிரிவைத் தேர்ந்தெடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இப்போது மற்ற பத்திகளை அடித்துவிட்டு, அந்த வளாகத்தின் இன்ஜினியரிங் கல்லூரியின் பட்டியலை மட்டும் திறக்கிறோம். நம் கணக்குக்கு இப்படி எடுத்துக்கொள்கிறோம்: பிசியில் 5 வந்தால் முதல் இரண்டு கால்குலஸ் பாடங்களும் அடிபடும். 4 வந்தால் முதலாவது மட்டும். மெக்கானிக்ஸில் 5 வந்தால் முதல் இயற்பியல் பாடம் அடிபடும், 3-க்கும் 4-க்கும் பெயரில்லாத யூனிட் மட்டும். அரசியல் தாளில் 4 வந்தால் சமூக அறிவியல் பாடம் ஒன்று அடிபடும். இலக்கியத்துக்கு எதுவும் இல்லை.

இலக்கியத் தேர்வை விடுகிறார். 40 டாலர் போனது. மொத்தச் செலவு மூன்று தேர்வுக்கு 297, பிடித்தம் 40, ஆக 337. ஐந்தையும் எழுதியிருந்தால் 495. மிச்சம் 158 டாலர், பெரிய தொகை இல்லை. பெரிய மிச்சம் ஏப்ரல் மாதத்து மாலைகள். மெக்கானிக்ஸில் 4-க்கும் 5-க்கும் இடையில் ஒரு முழுப் பாடம் தொங்குகிறது. இலக்கியத்துக்கும் புள்ளியியலுக்கும் போயிருக்க வேண்டிய மாதிரித் தாள் நேரம் முழுவதும் இங்கே திரும்ப வேண்டும்.

இலக்கிய வகுப்பைக் கைவிடச் சொல்லவில்லை. 12ஆம் வகுப்பின் இறுதி கிரேடுகளையும் யூசி பார்க்கும். சேர்க்கை அதற்குக் கட்டுப்பட்டது. விட்டது தேர்வை மட்டும்.

தயாரிப்பில் எது விழுகிறது

கால்குலஸ் பிசி: பலவுள் தெரிவு 45 கேள்விகள், 1 மணி 45 நிமிடம். விடையெழுதும் பகுதி 6 கேள்விகள், 1 மணி 30 நிமிடம். இரண்டுக்கும் சம பங்கு. தவறான விடைக்குக் கழிவு கிடையாது, 2011-லிருந்து இல்லை. ஆகவே ஒரு கட்டத்தைக்கூட வெறுமையாக விடக்கூடாது. முன்பு வெளியிடப்பட்ட முழுத் தாள்களின் மதிப்பீட்டு அட்டவணைகளைப் பார்த்தால் மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாக எடுத்தாலே 5 வந்திருக்கிறது. 2024-ல் இந்தத் தேர்வை எழுதியவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் 5 வாங்கினார்கள். எளிது என்று பொருளில்லை, ஏற்கெனவே கணிதத்தில் தேறியவர்கள்தான் இதை எழுத வருகிறார்கள் என்று பொருள். இயற்பியல் 1 என்ற இன்னொரு ஏபி தேர்வில் அதே ஆண்டு 3-ஐ எட்டியவர்களே பாதிக்கும் குறைவு.

விடையெழுதும் பகுதியில் புள்ளி போவது பெரும்பாலும் கணக்குத் தெரியாமல் அல்ல, காரணம் எழுதாமல். உச்சப் புள்ளி என்று சொன்னால் போதாது. வகைக்கெழு அந்த இடத்தில் நேர்குறியிலிருந்து எதிர்குறிக்கு மாறுகிறது என்று எழுத வேண்டும். இடைமதிப்புத் தேற்றத்தைப் பயன்படுத்தினால் சார்பு தொடர்ச்சியானது என்ற வரி இல்லாமல் அந்தப் புள்ளி கிடைக்காது. தசமம் மூன்று இடம் வரை சரியாக இருக்க வேண்டும். நடுவிலேயே சுருக்கிவிட்டால் கடைசியில் தப்பும். அலகு கேட்டால் அலகு. ஆறாவது கேள்வி வழக்கமாக டெய்லர் தொடர்; பள்ளிகளில் ஆண்டின் கடைசியில் அவசரமாக முடிக்கப்படும் பகுதியும் அதுதான். ஏப்ரல் முதல் வாரத்தில் தொடர்கள் இன்னும் நடத்தி முடிக்கப்படவில்லை என்றால், வகுப்புக்குக் காத்திருக்காமல் தானே முடித்துவிட வேண்டும். பழைய விடையெழுதும் கேள்விகளும் அவற்றின் மதிப்பீட்டு வழிகாட்டிகளும் காலேஜ் போர்டு தளத்தில் இலவசமாக உள்ளன. காசு கொடுத்து வாங்கும் எந்தப் புத்தகத்தையும்விட அந்த வழிகாட்டிகள் மேல்: எந்த வரிக்கு எந்தப் புள்ளி என்று அப்படியே தெரியும்.

இயற்பியல் சி தேர்வு 2025-ல் மாறியது. முன்பு ஒன்றரை மணி நேரமாக இருந்த மெக்கானிக்ஸ் இப்போது மூன்று மணி நேரம்: 40 பலவுள் தெரிவுக் கேள்விகளுக்கு 80 நிமிடம், 4 விடையெழுதும் கேள்விகளுக்கு 100 நிமிடம். 2025-க்கு முந்தைய தாள்களில் பயிற்சி எடுப்பவர்கள் கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம், நேரக் கணக்கை எடுத்துக்கொள்ளக்கூடாது. அதே 2025-லிருந்து கணிதம், அறிவியல் தேர்வுகளில் பெரும்பாலானவை பாதி கணினியில்: பலவுள் தெரிவு காலேஜ் போர்டின் தேர்வுச் செயலியான புளூபுக்கில், விடை எழுதுவது தாளில் கையால். கேள்வி திரையில், விடை தாளில் என்பதால் வரைபடத்தில் நேராகக் குறிப்பெழுதிப் பழகியவர்களுக்குத் தடுமாற்றம் வரும். குறைந்தது இரண்டு முழுத் தாள்களையாவது இந்த முறையிலேயே எழுதிப் பார்க்க வேண்டும்.

போகிற போக்கில் ஒன்று. 3 என்ற எண் எல்லா ஆண்டிலும் ஒரே உயரம் அல்ல. அமெரிக்க வரலாற்றில் 3-ம் அதற்கு மேலும் வாங்கியவர்கள் 2023-ல் பாதிக்குச் சற்றுக் குறைவு, 2024-ல் பத்தில் ஏழுக்கும் மேல். ஓராண்டில் மாணவர்கள் அவ்வளவு கெட்டிக்காரர்களாகிவிடவில்லை, தர எல்லைகளை வரையறுக்கும் முறை மாறியது. அண்ணனுக்கு இரண்டு வந்தது, நமக்கும் அப்படித்தான் வரும் என்ற கணிப்புக்கெல்லாம் இதற்குப் பிறகு மதிப்பில்லை.

ஜூலை: எண்கள் வருகின்றன

பிசியில் 5. மெக்கானிக்ஸில் 4. அரசியலில் 4.

பழையதையும் சேர்த்து யூசி கணக்கில் ஏறியவை: பிசி 8, மெக்கானிக்ஸ் 4, அரசியல் 4, ஆங்கில மொழி 8, அமெரிக்க வரலாறு 8. மொத்தம் 32. பட்டத்துக்கு 180, குவார்ட்டருக்கு 15 என்று எடுத்தால் 32 என்பது இரண்டு குவார்ட்டருக்கும் மேல். யூசியில் ஓர் ஆண்டுக் கல்விக் கட்டணம் உள்ளூர் மாணவருக்குச் சுமார் 15,000 டாலர், குவார்ட்டருக்கு 5,000. 10,000 டாலர் மிச்சம் என்று குடும்பத்தில் கணக்குப் போட்டுவிடுவார்கள்.

பட்டத் திட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கதை வேறு. பிசியின் 8 யூனிட் இரண்டு பாடங்களை அடித்தது. அரசியலின் 4 ஒரு பாடத்தை அடித்தது. மெக்கானிக்ஸின் 4 எந்தப் பாடத்தையும் அடிக்கவில்லை. முதல் இயற்பியலை அவர் படித்தே ஆக வேண்டும். வரலாற்றின் 8 விருப்பப் பாட யூனிட். இன்ஜினியரிங் பட்டத்தில் விருப்பப் பாடத்துக்கான இடம் மிகக் குறைவு, போட்டு வைக்கப் பெட்டி இல்லை. ஆங்கில மொழி எழுத்துத் தேவையை நீக்கியதோடு சரி. கையில் நிற்பது 12 யூனிட், மூன்று பாடங்கள்.

அந்த மூன்றும்கூடப் பட்டம் வாங்கும் தேதியை முன்னால் இழுக்குமா? இன்ஜினியரிங்கில் பட்டத்தின் நீளத்தைத் தீர்மானிப்பது மொத்த யூனிட் அல்ல, சங்கிலி. இயற்பியலுக்குப் பிறகு ஸ்டாட்டிக்ஸ், அதற்குப் பிறகு டைனமிக்ஸ், பிறகு மேல்நிலை வடிவமைப்புப் பாடங்கள், கடைசி ஆண்டுத் திட்டப்பணி. கால்குலஸில் இரண்டு படி முன்னால் நின்றாலும் இயற்பியல் சங்கிலி முதல் கண்ணியிலிருந்தே தொடங்குகிறது. மேல்நிலைப் பாடங்கள் பல ஆண்டுக்கு ஒரு முறைதான் நடக்கும். ஒரு குவார்ட்டர் முன்னதாகத் தயாரானாலும் அடுத்த இலையுதிர் காலம் வரை காத்திருக்க வேண்டியதுதான். மெக்கானிக்ஸில் 5 வந்திருந்தால்கூட முழு குவார்ட்டர் மிஞ்சியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

பணக் கணக்கும் இங்கேதான் உடைகிறது. யூசியில் முழுநேர மாணவர் 12 யூனிட் எடுத்தாலும் 18 எடுத்தாலும் கட்டணம் ஒன்றே. மூன்று பாடம் குறைந்ததால் கட்டணம் குறையாது. ஒரு முழு குவார்ட்டர் முன்னதாக வெளியேறினால்தான் பணம் மிஞ்சும். அதற்காகச் சுமையை அளவுக்கு மீறிக் குறைக்கவும் முடியாது: 12 யூனிட்டுக்குக் கீழே போனால் முழுநேரத் தகுதி, உதவித்தொகை, எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவருக்கு விசா நிலை எல்லாம் சிக்கலாகும். யூனிட்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் கல்லூரியில் கணக்கு நேர்மாறு. அங்கே ஒவ்வொரு பாடமும் உடனடிப் பணம்.

அப்படியானால் 337 டாலர் வீணா? இல்லை. முதல் ஆண்டில் கணிதம், இயற்பியல், வேதியியல், நிரல் எழுதுதல் நான்கும் ஒரே குவார்ட்டரில் மோதுவது இன்ஜினியரிங்கின் வழக்கமான நெருக்கடி. மூன்று பாடம் குறைந்ததால் மூன்று குவார்ட்டர்கள் நான்கு பாடத்துக்குப் பதில் மூன்றோடு போகும். ஆய்வகத்தில் சேரவோ இரண்டாவது துறையை எட்டிப் பார்க்கவோ அதுதான் இடம். சேர்ந்த யூனிட் எண்ணிக்கையை வைத்துப் பதிவு வரிசை கொடுக்கும் வளாகங்களில், பயனற்ற 20 யூனிட்டும் ஒரு வேலை செய்யும்: பாடப் பதிவில் முன்னால் நிறுத்தும். யூனிட் அதிகமாக இருப்பதால் சீக்கிரம் பட்டம் வாங்கிக்கொண்டு போகச் சொல்வார்களோ, உடனே மேஜரை (முதன்மைத் துறையை) அறிவிக்கச் சொல்வார்களோ என்ற பயம் வேண்டாம். ஏபி யூனிட்டைக் காரணம் காட்டி அப்படிக் கேட்பதில்லை என்று யூசியே தெளிவாக எழுதி வைத்திருக்கிறது.

இதே 32 யூனிட் அரசியல் அறிவியலோ வரலாறோ படிக்கும் மாணவரிடம் இருந்தால் ஏறத்தாழ முழுவதும் செல்லும். அந்தப் பட்டங்களில் சங்கிலி குட்டை, விருப்பப் பாட இடம் பெரிது. அவருக்கு இரண்டு குவார்ட்டர் முன்னதாக வெளியேறுவது நடக்கக்கூடிய காரியம்.

மருத்துவப் படிப்பை நோக்கிப் போகிறவருக்குக் கணக்கு தலைகீழாகும். உயிரியல், வேதியியல், இயற்பியல் முன்தேவைகளுக்கு ஏபியை ஏற்காத, அல்லது ஏற்றாலும் அதற்கு மேல் அதே துறையில் உயர்நிலைப் பாடம் கேட்கிற மருத்துவக் கல்லூரிகள் பல. அவர் ஏபி உயிரியலில் 5 வாங்கினாலும் கல்லூரி உயிரியலை மறுபடி எடுப்பது பெரும்பாலும் புத்திசாலித்தனம். இரட்டைச் சேர்க்கை முறையில் பள்ளியிலிருந்தே சமுதாயக் கல்லூரிப் பாடம் படிப்பவர் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும்: அங்கே வாங்கும் கிரேடு நிரந்தரக் கல்லூரிச் சான்று, மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தில் அது கணக்கில் வரும். ஏபியில் மோசமான மதிப்பெண்ணை ரத்து செய்துவிடலாம், அந்த கிரேடை முடியாது.

ஆகஸ்ட்: கிடைத்ததைப் பயன்படுத்துவதா

கிரெடிட் கிடைத்தது என்பதற்காக மூன்றாவது கால்குலஸில் போய் உட்கார வேண்டும் என்று கட்டாயமில்லை. மாணவி செய்ய வேண்டிய சோதனை எளிது. சேரப்போகும் துறையின் இரண்டாவது கால்குலஸ் பாடத்தின் பழைய இறுதித் தேர்வு ஒன்றை எடுத்து, ஜூலை கடைசியில் நேரம் வைத்து, புத்தகம் பார்க்காமல் எழுதுவது. 80 சதவீதத்துக்கு மேல் வந்தால் தயங்காமல் மேலே போகலாம். 60-க்கும் 80-க்கும் நடுவில் என்றால் எங்கே விழுந்தது என்று பார்க்க வேண்டும்: தொடர்களில் மட்டும் என்றால் இரண்டு வாரத்தில் சரி செய்யலாம், தொகையிடும் உத்திகளில் என்றால் மூன்றாவது கால்குலஸில் ஒவ்வொரு வாரமும் அது குறுக்கே வரும். 60-க்குக் கீழே என்றால் இரண்டாவது கால்குலஸை மறுபடி எடுப்பதே மேல். இந்த எல்லைகள் எங்கள் கணிப்புதான், எந்தக் கல்லூரியின் விதியும் அல்ல.

மறுபடி எடுத்தால் அதற்கு ஒரு விலை உண்டு. ஏபி கிரெடிட் கிடைத்த பாடத்தையே யூசியில் திரும்பப் படித்தால் இரண்டுக்கும் யூனிட் கிடைக்காது, ஒன்று போய்விடும். ஆனால் முதல் குவார்ட்டரிலேயே மூன்றாவது கால்குலஸில் சி வாங்குவது நான்கு யூனிட்டை இழப்பதைவிட அதிகமாக வலிக்கும், ஏனென்றால் அந்த சி சான்றில் கடைசி வரை நிற்கும்.

மதிப்பெண்ணை அனுப்புவதில் தேதிகள் முக்கியம். ஆண்டுக்கு ஒரு கல்லூரிக்கு இலவசம், ஜூன் 20-க்குள் பெயர் கொடுத்திருக்க வேண்டும். தவறினால் 15 டாலர், விரைவாக வேண்டுமென்றால் 25. அறிக்கையில் இதுவரை எழுதிய எல்லாத் தேர்வுகளும் போகும். ஒன்றை மறைக்க வேண்டுமானால் ஒரு மதிப்பெண்ணுக்கு, ஒரு கல்லூரிக்கு 10 டாலர். ரத்து இலவசம், ஆனால் திரும்ப வராது. இந்த ஆண்டு மதிப்பெண்ணை இலவச அறிக்கையில் சேராமல் தடுக்க ஜூன் 15-க்குள் கோரிக்கை போய்ச் சேர வேண்டும். சேர்ந்தாகிவிட்ட கல்லூரிக்கு ஒரு 2 போவதால் எந்தக் கெடுதலும் இல்லை, பத்து டாலரைச் செலவழிக்க வேண்டாம்.

இன்னொரு இடறல்: அறிமுக முகாமும் முதல் பாடப் பதிவும் பல வளாகங்களில் மதிப்பெண் வருவதற்கு முன்போ, வந்தும் கணினியில் ஏறாத நிலையிலோ நடக்கும். மூன்றாவது கால்குலஸுக்குப் பதிவு செய்யப் போனால் முன்தேவை இல்லை என்று திரை மறுக்கும். அப்போது பயந்துபோய் முதல் கால்குலஸில் பதிவு செய்துவிட்டு மறந்துவிடக்கூடாது. மதிப்பெண் அறிக்கையின் நகலை ஆலோசகருக்கு அனுப்பித் தற்காலிக அனுமதி கேட்கலாம்; அது கிடைக்கும் வரை இரண்டு பாடங்களின் நேரத்துக்கும் ஒத்துவருகிற மாதிரி அட்டவணையைக் காலியாக வைத்திருக்க வேண்டும்.

செப்டம்பர் நடுவில், பட்டத்தின் எந்தத் தேவைகள் நிறைவேறின என்று காட்டும் பட்டத் தணிக்கைப் பக்கத்தைத் திறந்து, பிசி என்ற வரியில் இரண்டு பாட எண்களும் ஏறியிருக்கின்றனவா, அரசியல் தாள் சமூக அறிவியல் பெட்டியில் விழுந்திருக்கிறதா, விருப்பப் பாடம் என்ற பொதுப் பெட்டியில் போய் விழுந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். தவறான பெட்டியில் இருந்தால் சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதிப் பயனில்லை. பதிவாளர் அலுவலகத்துக்கும் இன்ஜினியரிங் கல்லூரி ஆலோசகருக்கும் ஒரே மின்னஞ்சலில், பட்டியலின் சுட்டியோடு எழுத வேண்டும். நான்காம் ஆண்டில் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போது கண்டுபிடித்தால் இதே திருத்தம் ஒரு குவார்ட்டரை விழுங்கிவிடும்.